பயிற்சி உண்டு, பதவி எங்கே?

முழுநிலா இரவில் அண்ணாமலையைச் சுற்றி இலட்சக்கணக்கில் மக்கள் நடக்கிறார்கள். 14 கிலோமீட்டர்ப் பாதை. அதன்மேல் உள்ள ஓர் ஊர்தான் அடி அண்ணாமலை. தோளோடு தோள் உரச நடக்கும் அந்தக் கூட்டத்தில், "நீ என்ன சாதி?" என்று கேட்க எவனுக்கும் நேரமில்லை. ஆனால் அதே மாவட்டத்துத் தென்முடியனூரில், ஆதிதிராவிட மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் கால் வைத்தது எப்போது? 2023 ஜனவரி 30-இல்! அதுவும் காவல்துறை புடைசூழ!

காவலர் வந்தனர், கதவு திறந்தது, வரவேற்கிறோம். காவலர் திரும்பிய பிறகு? இரு தெருவுக்கும் இடையே நின்று பேச, பள்ளிப் பிள்ளைக்கு எடுத்துரைக்க, சட்டம் இன்னதென்று விளக்க யார் இருக்கிறார்? நிலக் கணக்குக்கு அலுவலர் உண்டு. பயிருக்கு அலுவலர் உண்டு. மாட்டுக்கும் மருத்துவர் உண்டு. மனிதனும் மனிதனும் சமம் என்று கற்பிக்கச் சம்பளம் பெறும் ஆள் உண்டா?

"அது தொண்டல்லவா, தொண்டுக்குக் கூலியா?" என்பர் சிலர். தொண்டன் வீட்டு அடுப்பு காற்றிலா எரியும்? வசதி படைத்தவன் மட்டும் ஓய்வு நேரத்தில் பேசிவிட்டுப் போவதற்குச் சமத்துவம் என்ன பொழுதுபோக்கா?

பயிற்சி தந்து பதவி தராவிட்டால் என்ன நேரும் என்பதற்குத் திருவண்ணாமலையே சாட்சி. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என 2006-இல் அரசாணை பிறந்தது. ஆறு ஊர்களில் பயிற்சிப் பள்ளிகள் எழுந்தன. திருவண்ணாமலை அவற்றுள் ஒன்று. 200-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் கற்றுத் தேர்ந்தனர். பிறகு? வழக்கு! உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்ததே 2015 டிசம்பரில். 2018-இல் மதுரையில் ஒருவருக்கு வேலை கிடைத்தது. 2021 ஆகஸ்டு 14-இல் 24 பேருக்கு ஆணை கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மற்றவர் இளமை என்னவாயிற்று? கையிலே சான்றிதழ், பையிலே காசில்லை!

இந்தக் கதை இன்னொரு முறை நடக்கலாகாது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் சக மாணவரே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிப் பாகுபாட்டைக் கண்காணிக்கப் பள்ளி நல அலுவலர், ஆசிரியர்க்குக் கட்டாயப் பயிற்சி என்று அது வழி சொல்கிறது. அதாவது, சமத்துவம் கற்பிப்பதை ஒரு தொழிலாக்கச் சொல்கிறது. அந்தப் பதவி, சட்டத்தில் வேரூன்றிய பதவியாக வேண்டும் என்கிறோம் நாம்.

ஏன் சட்டம்? அமெரிக்காவைப் பாருங்கள். 2020 மே மாதம் ஜார்ஜ் பிளாய்ட் எனும் கறுப்பர் காவலரால் கொல்லப்பட்டார். நாடே கொதித்தது. நிறவெறியைக் களைய ஆலோசகர், பயிற்சியாளர் என்று நிறுவனங்கள் ஆள் தேடி அமர்த்தின. 2025 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்ற அன்றே ஒப்பமிட்டார். கூட்டரசு அலுவலகங்களில் அத்தகைய பணிகளை ஒழிக்க ஆணை பறந்தது! கொதிப்பில் பிறந்த வேலை, கொதிப்பு அடங்கியதும் போயிற்று.

ஆகவே, தோழர்களே, உங்கள் பிள்ளைகள் சட்டம் படிக்கட்டும், சமூகப்பணி படிக்கட்டும், ஆசிரியர் பயிற்சி பெறட்டும். அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவையும், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் வரி பிசகாமல் அறியட்டும். படிப்பது அவர்கள் கடமை. படித்தவனுக்கு நாற்காலியும் ஊதியமும் ஓய்வூதியமும் கேட்டு வாங்குவது நம் கடமை. கிளைக்குக் கிளை தீர்மானம் நிறைவேறட்டும். கேட்காமல் எந்த உரிமையும் இங்கே வந்ததில்லை!