அலைமேல் நிற்கும் மீனவப் பிள்ளைகள்

கோவளம் என்றதும் எலப்புள்ளி, வாளையார் பக்கத்துத் தமிழ் அன்பர்களுக்குத் திருவனந்தபுரம் அருகே உள்ள கடற்கரைதான் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டிலும் ஒரு கோவளம் உண்டு. சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோ மீட்டர் தூரத்தில், முட்டுக்காட்டைத் தாண்டி, மாமல்லபுரத்துக்கு முன்னால் இருக்கும் மீனவக் கிராமம் அது.

மெக்சிகோ நாட்டில் சயுலிதா என்றொரு சிறிய கடற்கரை ஊர். அலைச்சறுக்கு விளையாடுவதற்கென்றே உலகின் பல மூலைகளில் இருந்தும் அங்கே ஆட்கள் வருகிறார்கள். அதே பெயரை இந்தக் கோவளமும் இப்போது வாங்கி வருகிறது.

பழைய கோட்டை

இந்த ஊரின் மீது ஐரோப்பியர்களுக்கு அன்றே ஒரு கண். பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த இங்குள்ள கோட்டையை 1752-ல் ராபர்ட் கிளைவ் பிடித்தார். பிறகு அது தகர்க்கப்பட்டது. கோட்டை இருந்த இடத்தில் இன்று பெரிய ஓட்டல் நிற்கிறது.

பலகையும் பள்ளியும்

கட்டுமரத்தில் பழகிய மீனவருக்கு அலை புதிதல்ல. உடைந்த மரத்துண்டைப் பிடித்துக்கொண்டு அலையோடு கரைக்கு வருவது அவர்கள் பிள்ளைகளுக்குப் பழைய விளையாட்டு. அதையே முறையாகக் கற்றுக் கொடுக்க மீனவர் மூர்த்தி மேகவன் முன்வந்தார். அவர் முயற்சியில் உருவான பள்ளியில் குப்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. புகையும் கூடாது, குடியும் கூடாது. 2013 முதல் இங்கே அலைச்சறுக்கு விழாவும் நடந்தது. வலையை மட்டுமே நம்பியிருந்த வீடுகளில் சில இளைஞர்கள் இன்று பயிற்சியாளர்களாகச் சம்பாதிக்கிறார்கள்.

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முறையாக இடம் பெற்றது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். கர்நாடகத்தில் இருந்து கேரளக் கோவளத்துக்குப் பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை அவர். அங்கேதான் சறுக்கக் கற்றார். ஊர் விட்டு ஊர் வந்து பாடுபடும் நம்மவர்களுக்கு இது தெம்பு தரும் செய்தி.

போவது எப்படி?

பாலக்காடு சந்திப்பில் இரவு ரெயில் ஏறினால் காலையில் சென்னை. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் பஸ்சில் போகலாம். தர்கா, மாதா கோவில், அருகே திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாள் கோவில் என்று மும்மதத்தாருக்கும் அங்கே வழிபாட்டுத் தலம் உண்டு. குடும்பத்தோடு போய் வர ஏற்ற இடம்.

ஒரு எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால் கடல் சீறும். நீச்சல் தெரியாதவர்கள் பயிற்சியாளர் இல்லாமல் இறங்கக் கூடாது. ஆற்றில் நீந்தியவர்களும் கடலை எளிதாக எண்ண வேண்டாம். அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். எங்கே இறங்கலாம் என்பதை அங்குள்ள மீனவரிடம் கேட்டு, அவர் சொல்கிறபடி நடப்பதே நல்லது.