பாட்டிக்கும் புரியும் களிமண் கலாட்டா

பாலிகஞ்ச் பக்கம் குடியிருக்கும் தமிழர் வீட்டுப் பிள்ளைக்குத் தெருவில் வங்காளி, பள்ளியில் ஆங்கிலம். வீட்டுத் தமிழ் வருஷத்துக்கு வருஷம் சுருங்குகிறது. ஊரிலிருந்து வந்த பாட்டிக்கோ தமிழ் ஒன்றுதான். இருவரும் சேர்ந்து சிரிக்க வேண்டுமானால் களிமண் பொம்மைப் படம் போட வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் தயாராகி 1990-ல் தொலைக்காட்சிக்கு வந்த 'பிங்கு'வில் பெங்குவின் குடும்பம் பேசுவது எந்த நாட்டுப் பாஷையும் அல்ல, வெறும் குழறல். அப்பா தபால்காரர். பையன் பிங்கு அலகை ஊதுகுழலாக நீட்டி 'நூட் நூட்' என்றால் பாட்டிக்கு விளக்கம் வேண்டியதில்லை! 2007-ல் பிரிட்டனின் ஆர்ட்மன் நிறுவனம் தந்த 'ஷான் தி ஷீப்' ஆடும் அப்படியே: ஏழே நிமிஷம், வசனம் கிடையாது. அதில் உழைத்த நம் நாட்டவர் தீமந்த் வியாஸ், அதே ஆண்டு 'தாரே ஜமீன் பர்' இந்திப் படத்தின் தொடக்கக் களிமண் காட்சிகளையும் செய்தவர்.

பொம்மையை மயிரிழை நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி இன்னொன்று. திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. நாள் முழுதும் மாய்ந்தாலும் சில விநாடிகளே தேறும். குமார்டுலியில் துர்க்கைக்குப் பிசையும் மண் இதற்கு ஆகாது, காய்ந்து வெடிக்கும். இது எண்ணெய் கலந்து காயாத மண். உற்றுப் பார்த்தால் பொம்மையின் மேல் செய்தவர் கைரேகை தெரியும். கொழுக்கட்டை பிடித்த பாட்டி அதை முதலில் கண்டுபிடித்து விடுவார்.