நூலகம் மாறினால் நிரல் என்ன செய்யும்?

கணினித் துறையில் 'நூலகம்' என்பது புத்தகம் அடுக்கிய இடம் அன்று. பல நிரல்களுக்கும் பொதுவாகத் தேவைப்படும் வேலைகளை ஒருமுறை எழுதி ஓரிடத்தில் வைத்திருக்கும் தொகுப்பே நூலகம் எனப்படும். இணையத்தில் செல்லும் செய்தியைப் பிறர் படிக்காதபடி மறைத்துத் தரும் 'ஓபன்எஸ்எஸ்எல்' அத்தகைய ஒன்று.

பொதுவில் வைப்பதன் பயன் பெரிது. 2014 ஏப்ரலில் அந்நூலகத்தில் 'ஹார்ட்பிளீட்' என்னும் ஓட்டை இருப்பது வெளியாயிற்று. நூலகத்தைப் பகிர்ந்துகொண்ட கணினிகளில் அந்த ஒன்றை மட்டும் திருத்தி, நிரல்களை மறுபடி இயக்கினால் போதும். தமக்கெனத் தனிப்பிரதி வைத்திருந்த நிரல்களையோ ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டும்.

ஆனால், எல்லா மாற்றமும் இவ்வளவு எளிதாக அமைவதில்லை. 2016 ஆகஸ்டில் வந்த 1.1.0 பதிப்பு, நிரல்கள் அதுவரை நேரே கைவைத்து வந்த உள்ளமைப்புகள் பலவற்றை மூடிவிட்டது. பழைய முறையில் எழுதிய நிரல்கள் பல புதியதோடு சேரவில்லை. நம் ஊர்த் தறியில் இழை நெருக்கம் வேறான அச்சை மாட்டினால், பழைய அச்சின் கணக்குக்கு ஓட்டிய பாவு அதில் பொருந்துமா? பாவிலும் குறையில்லை, அச்சிலும் குறையில்லை. கணக்குத்தான் வேறு.

இதனை 'டெபியன்' என்னும் கட்டற்ற இயங்குதளத்தின் தன்னார்வலர்கள் தீர்த்த விதம் அறியத்தக்கது. பொருந்தாத மாற்றம் வரும்போது நூலகத்தின் பெயரோடு சேர்ந்த எண்ணும் மாறும். பெயர் வேறானதால் பழையதும் புதியதும் ஒரே கணினியில் மோதாமல் இருக்க முடிகிறது. 2017 ஜூனில் வெளியான ஒன்பதாம் பதிப்பில் இரண்டும் இருந்தன. இருக்கிற பாவு நெய்து தீரும்வரை பழைய அச்சைக் கழற்றாத நெசவாளியின் நிதானம் இது.

எனினும், ஒரே நிரலுக்குள் இரண்டும் நுழைந்தால் குழப்பமே. ஆகவே, அடியிலுள்ள நூலகங்களை முதலில் புதியதற்கு மாற்றி, அவற்றை நம்பியுள்ள நிரல்களைப் பிறகு திருத்தி மீண்டும் தொகுக்கிறார்கள். திருத்த ஆளில்லாத நிரல் நீக்கப்படுவதும் உண்டு. 2019 ஜூலையில் வந்த பத்தாம் பதிப்பில் பழைய நூலகம் இல்லை. அந்த 1.0.2 வரிசைக்கு அதை ஆக்கியோர் தந்துவந்த பொது ஆதரவும் அவ்வாண்டு டிசம்பரோடு முடிந்தது. பழையதை என்றென்றும் வைத்திருந்தால், இனித் தெரியவரும் ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும்.

இவ்வேலை நமக்குத் தொலைவானது அன்று. சி-டாக் நிறுவனம் நம் நாட்டுக்கென உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. அங்கே நேரும் பிழையும் திருத்தமும் இங்குள்ள கணினிகளை வந்தடையக்கூடும். மூலநிரல் எல்லார் முன்னும் திறந்து கிடக்கிறது. படித்துப் பார்க்கவும் திருத்தம் அனுப்பவும் கட்டணமில்லை, சிபாரிசும் வேண்டியதில்லை. சேராது நிற்கும் நிரல் ஒன்றைச் சேர்த்துவைக்க நம் கல்லூரி மாணவராலும் இயலும்.