மலையடிவாரத்தில் ஒரு சாளை

கோவை கணபதி, பீளமேடு வட்டாரத்தில் பட்டறை நடத்திக் கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் பலருக்கு அடுத்த ஆசை, மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் நிலமும் அதில் ஒரு தோட்டத்துச் சாளையும். தடாகம், மாங்கரை, ஆனைகட்டி, நரசீபுரம் எனப் புரோக்கர்கள் காட்டும் இடங்கள் எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டியவை. தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம். பக்கத்துக் கர்நாடகத்தில் 2020 வரை அதற்குத் தடை இருந்தது. வெளிநாட்டில் குடியேறிய இந்தியர்களுக்கு மட்டும் வேறு கதை. அந்நியச் செலாவணிச் சட்டப்படி அவர்கள் விவசாய நிலமோ, எஸ்டேட்டோ, பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. பரம்பரைச் சொத்தாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

சமவெளித் தோட்டத்துக்குப் பார்க்கும் காகிதங்கள் அத்தனையும் இங்கும் வேண்டும்: தாய்ப்பத்திரம், குறைந்தது முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல். இவற்றோடு அ-பதிவேட்டையும் பார்ப்பது முக்கியம். நிலம் அரசிடமிருந்து யாருக்கு, என்ன நிபந்தனையில் போனது என்பதற்கான தடயம் அதில்தான் கிடைக்கும். மலையோர ஊர்களில் நிபந்தனைப் பட்டா நிலங்களும் பூமிதான நிலங்களும் கலந்து கிடக்கின்றன. 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமும் உண்டு. அதைப் பிறருக்கு விற்ற கிரயம் செல்லாது. எத்தனை கை மாறியிருந்தாலும் செல்லாதுதான்.

புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சர்வேயரோடு அத்துக்கல் அத்துக்கல்லாக நடந்து பார்க்க வேண்டும். மலையோர நிலத்தில் பெரும்பாலும் சிக்கல் வருவது மேல்புறத்து எல்லையில். வேலி ஓரிடத்தில், கல் ஓரிடத்தில், வனத்துறை வெட்டிய அகழி மூன்றாமிடத்தில் இருக்கும். வேலிக்கும் கல்லுக்கும் இடைப்பட்ட கால் ஏக்கரில் நல்ல மரங்கள் நிற்கும். விற்பவர் அதையும் சேர்த்தே கை காட்டுவார். அது காப்புக்காடாக இருந்தால் பத்திரத்தில் எழுதி வாங்கியும் பயனில்லை. தடமும் அப்படியே. இட்டேரி வழியாகக் கார் போகிறது என்பதற்காக வழி உரிமை வந்துவிடாது. அந்தத் தடம் புலப்படத்தில் பொதுப்பாதையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வழி உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்தது ‘ஹாக்கா’ என்று எல்லோரும் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம். 1990-இல் அமைந்த இந்தக் குழுமத்தின் கீழ் இக்கரை போளுவாம்பட்டி போன்ற வருவாய்க் கிராமங்கள் வருகின்றன. அங்கே மனைப்பிரிவு போடவும் கட்டடம் எழுப்பவும் வனத்துறை, சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் கருத்தும் கேட்கப்படும். 1949-ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் அதைவிடக் கடுமையானது. அதன் கீழ் வரும் நிலத்தை மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்கவும் முடியாது, மரம் வெட்டவும் முடியாது. பட்டா நிலம்தானே என்ற சமாதானம் இங்கே எடுபடாது.

‘ஃபார்ம் லேண்ட்’ என்ற பெயரில் பத்து சென்ட், இருபது சென்ட்டாகக் கூறுபோட்டு விற்பதையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். பத்து சென்ட்டில் விவசாயம் நடக்காது. அங்கீகாரமில்லாத மனை என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுமதியும் கிடைக்காது.

இங்கே யானையின் வழியும் ஒருவகை வில்லங்கம்தான். நீலகிரி சீகூர் பீடபூமியில் 2010-இல் அறிவிக்கப்பட்ட யானை வழித்தடத்தை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பட்டா வைத்திருந்த விடுதிக்காரர்களும் தப்பவில்லை. தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண் அள்ளிய பெரும்பள்ளங்கள் யானைகளின் போக்கையும் நீரோட்டத்தையும் மாற்றின. 2021-இல் சூளைகள் மூடப்பட்டாலும் பள்ளங்கள் அப்படியே கிடக்கின்றன. அங்கே நிலம் வாங்குபவர் பக்கத்துப் பூமியின் ஆழத்தையும் எட்டிப்பார்ப்பது நல்லது. வீட்டைச் சுற்றிப் பலாவும் வாழையும் வைத்தால் யானை தேடி வரும். சூரியசக்தி வேலி போடுவதற்கும் 2023-இல் வந்த மின்வேலி விதிகளின்படி பதிவு தேவை. நேரடி மின்சாரத்தை வேலியில் பாய்ச்சுவது குற்றம்.

விளைச்சல் பற்றிய கனவு பலருக்கு ஐரோப்பாவிலிருந்து வருகிறது. பிரான்ஸின் பெரிகோர், இத்தாலியின் ஆல்பா பகுதிகளில் ட்ரஃபிள் என்னும் மண்ணடிக் காளானைப் பொன் விலைக்கு விற்கிறார்கள். அங்கே ட்ரஃபிள் தோப்போடு காட்டுவீடு வாங்குவது ஒரு மோகம். பூஞ்சை ஏற்றிய ஓக், ஹேசல் நாற்றுகளை நட்டு, வேரோடு பூஞ்சை கூடி வாழ்ந்து முதல் காய்ப்பு வர ஐந்து முதல் பத்து ஆண்டுகூட ஆகலாம். மண் சுண்ணாம்புச் சத்தோடு, கார அமில நிலை ஏழரைக்கு மேல் இருக்க வேண்டும், குளிர்காலமும் வேண்டும். கொங்கு நாட்டில் இவை இரண்டும் ஒரே இடத்தில் அமையவில்லை. சிமென்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிய மதுக்கரையில் குளிர் கிடையாது. குளிர் இருக்கும் ஊட்டியில் மண் புளிப்பு. தேயிலைக்கு அதுதான் பிடிக்கும். ட்ரஃபிள் கன்று தருகிறோம் என்று யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

நம்மூரில் அதற்கு இணை மழைக்குப்பின் முளைக்கும் புற்றுக்காளான். ட்ரஃபிளுக்கு மரவேர் போல இதற்குக் கறையான். புற்றுக்குள் கறையான் வளர்க்கும் பூஞ்சையிலிருந்து வருவதால் கொட்டகையில் பயிரிடுவது கைகூடவில்லை. கிடைப்பதைப் பறித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். புற்றை இடித்துவிட்டால் அதுவும் போச்சு. வருமானம் வேண்டுமென்றால் பால் காளான் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏ.பி.கே. 2 ரகம் முப்பது, முப்பத்தைந்து டிகிரி வெயிலிலும் வளரும். வைக்கோல் படுக்கையின் மேல் சுண்ணாம்பு கலந்த மண்ணைப் பரப்பித் தினமும் தண்ணீர் தெளித்தால் போதும். மரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அன்றாடம் ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருபவருக்கு இது ஒத்துவராது.

எல்லாம் சரியாக இருந்தால் கிரயச் செலவு: முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம். வழிகாட்டி மதிப்பு, பத்திரத்தில் காட்டும் விலை, இவற்றில் எது கூடுதலோ அதன் மேல் கணக்கிடுவார்கள். நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் உட்பிரிவு செய்து தனிப்பட்டா பெற வேண்டும். அதற்கு சர்வேயர் மறுபடி வந்து அளப்பார்.