தண்ணீர் குளிர்ந்திருக்க, சில்லு மட்டும் சுடுவது ஏன்?

கணினியின் திரை செயலியின் வெப்பநிலை 95 டிகிரி செல்சியஸ் என்கிறது. அதன் தலைக்கு மேல் ஓடும் தண்ணீரை அளந்தால் 35 டிகிரிதான். இரண்டுக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் தூரம்கூட இல்லை. அந்தச் சில மில்லிமீட்டருக்குள் 60 டிகிரி எங்கே மாட்டிக்கொண்டது? செயலியை அதற்கு விதித்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவதை ஓவர்கிளாக்கிங் என்பார்கள். அதில் இறங்கியவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இது.

சூடு எவ்வளவு என்று முதலில் பார்ப்போம். செயலியின் துடிப்பைக் கூட்டினால் அது தடுமாறும்; தடுமாறாமல் இருக்க மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். துடிப்பு ஏறும் விகிதத்தில் வெப்பமும் ஏறும். மின்னழுத்தமோ அதன் வர்க்கத்தில் சூட்டை ஏற்றும். இரண்டையும் 20 விழுக்காடு உயர்த்தினால் 1.2-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும், வெப்பம் 1.7 மடங்காகிவிடும். 2012-இல் இன்டெல் வெளியிட்ட கோர் ஐ7-3770கே செயலிக்கு 77 வாட் என்று கணக்கு. இப்படி ஓட்டினால் அது 130 வாட்டைத் தாண்டும். அந்தச் சில்லின் பரப்போ 160 சதுர மில்லிமீட்டர்தான். வீட்டு இஸ்திரிப் பெட்டி 1,000 வாட் இழுத்தாலும், அதன் அடித்தகட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட் அளவில்தான் வரும். இங்கே 80 வாட்!

அந்தச் சிலிக்கான் துண்டின் எடை கால் கிராம் அளவுதான். வெளியேற வழியே இல்லை என்று வைத்துக்கொண்டால், 130 வாட் அதை ஒரே நொடியில் பல நூறு டிகிரி ஏற்றிவிடும். அது எரியாமல் இருப்பதே, சூடு ஒவ்வொரு கணமும் வெளியேறிக்கொண்டிருப்பதால்தான்.

வெளியேற்றும் வேலையில் தண்ணீருக்கு ஒரு குறை உண்டு. வெப்பத்தைச் சுமப்பதில் அது கெட்டிக்காரன், கடத்துவதில் மந்தம். சுவரை ஒட்டி ஓடும் மெல்லிய நீரடுக்கு மட்டுமே சூட்டைச் சட்டென்று வாங்கும். 1981-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் டக்கர்மேனும் ஃபேபியன் பீஸும் இதற்கு ஓர் அபாரமான வழி கண்டார்கள். சிலிக்கானிலேயே ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அகலத்துக்கு வாய்க்கால்களை வெட்டினார்கள். வாய்க்கால் அவ்வளவு ஒடுங்கினால் எல்லாத் தண்ணீரும் சுவரோரத் தண்ணீர்தானே! சதுர சென்டிமீட்டருக்கு 790 வாட் வரை அவர்களால் அகற்ற முடிந்தது. அப்போதும் வெப்பநிலை ஏறியது 71 டிகிரிதான். இன்றைய கணினிகளில் செயலி மேல் உட்காரும் செப்பு 'வாட்டர் பிளாக்'குக்குள் நெருங்கி நிற்கும் மெல்லிய தகடுகள் அதே யோசனையின் வாரிசுகள்.

இன்னொரு வியப்பு: நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால், 130 வாட்டையும் வாங்கிக்கொண்ட பிறகு தண்ணீர் சூடேறியிருப்பது அரை டிகிரிகூட இல்லை. அதனால் உள்ளே போகும் குழாயும் வெளியே வரும் குழாயும் தொட்டுப் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால், ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது என்று பொருள்.

கோளாறு எங்கே என்பதைக் காட்டிக்கொடுப்பது 95 என்ற எண் அல்ல. அந்த எண்ணை எட்ட எடுத்துக்கொண்ட நேரம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். கனமான வேலையைக் கொடுத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஓரிரு நொடியில் எகிறினால், சில்லுக்கும் செம்புக்கும் நடுவில்தான் சிக்கல். நிறுத்தாமல் ஏறி, ஒரு நிமிடம் போல ஆகி எல்லையைத் தொட்டால், பம்ப் நின்றிருக்கலாம்: செப்புக் கட்டி மட்டும் தனியாகச் சூட்டை வாங்கிக்கொண்டிருக்கிறது. கால் மணி நேரம் மெல்ல மெல்ல ஏறினால், தண்ணீரின் சூட்டைக் காற்றுக்குத் தள்ளும் ரேடியேட்டரைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏற 4,180 ஜூல் வேண்டும். 130 வாட்டுக்கு அது அரை நிமிட வேலை. தண்ணீர் எப்போதும் நிதானமாகத்தான் சூடேறும்.

ரேடியேட்டர் என்றால் தூசு தட்டி, விசிறியைப் பார்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஓட்டம் என்றால் பம்பில் காற்றுக் குமிழி சிக்கியிருக்கலாம். அல்லது பிளாக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். குழாயின் பிளாஸ்டிக்கை வளையச் செய்யச் சேர்க்கும் பொருள் நாளாக ஆகத் தண்ணீரில் கசிந்து, அந்த நுண்ணிய தகடுகளுக்கு இடையே பிசுக்காகப் படியும். பழைய பல் துலக்கியால் தேய்த்தால் வந்துவிடும்.

நொடியில் எகிறும் கோளாறுதான் கடினமானது. 3770கே வெளிவந்தபோது பலரைத் திணறடித்ததும் அதுதான். பம்ப் சரி, ரேடியேட்டர் சரி, தண்ணீர் குளிர்ச்சி. ஆனாலும், முந்தைய ஆண்டின் 2600கே-யைவிடச் செயலி அதிகம் சுட்டது. சில்லு 216-லிருந்து 160 சதுர மில்லிமீட்டராகச் சுருங்கியதுதான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். அது பாதி உண்மை. துணிந்த சிலர் சவரப் பிளேடால் செயலியின் உலோக மூடியைச் சுற்றியிருந்த கறுப்புக் கோந்தை அறுத்துத் திறந்தார்கள். முந்தைய தலைமுறையில் சில்லையும் மூடியையும் இணைத்த உலோகப் பற்றாசு அங்கே இல்லை. அதற்குப் பதிலாக வெப்பத்தைக் கடத்தும் சாதாரணப் பசை, அதாவது தெர்மல் பேஸ்ட் இருந்தது. போதாக்குறைக்கு, கோந்தின் தடிமன் மூடியைத் தூக்கிப் பிடித்து, சில்லுக்கு மேல் மெல்லிய இடைவெளி விட்டிருந்தது.

கணக்கு எளிது. அந்தச் சிறிய பரப்பில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு நல்ல பசை இருந்தாலே, 130 வாட் அதைக் கடக்க 16 டிகிரி விலை கொடுக்க வேண்டும். அதே இடத்தில் இண்டியம் உலோகப் பற்றாசு இருந்தால் ஒரு டிகிரியில் முடிந்துவிடும். மூடிக்கு மேலே பூசும் பசை இவ்வளவு கெடுதல் செய்வதில்லை. அதற்குள் வெப்பம் மூடியின் செம்பில் விரிந்து பரவியிருக்கும். கோந்தைச் சுரண்டி இடைவெளியை மூடியவர்களுக்குச் சாதாரணப் பசையுடனேயே வெப்பநிலை கணிசமாக இறங்கியது. காலியம் கலந்த திரவ உலோகம் வைத்தவர்களுக்கு 20 டிகிரி வரைகூடக் குறைந்தது. எத்தனை பெரிய ரேடியேட்டர் மாட்டியிருந்தாலும் அதைச் சாதித்திருக்க முடியாது. இந்த வரிசைச் செயலிகளில் இன்டெல் மீண்டும் பற்றாசுக்குத் திரும்ப 2018-இல் ஐ9-9900கே வரவேண்டியிருந்தது.