3-க்கும் 1-க்கும் நடுவில் ஒரு கதை: 'ரோட்டோவின் சின்னம்'

வீடியோ கேமை வெச்சு வரும் காமிக்ஸ்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் விளம்பரம் மாதிரிதான். கேமில் நடந்ததையே படம் போட்டுத் திரும்பச் சொல்லும், அவ்வளவுதான். அப்படி இல்லாத ஒன்றைப் பற்றி இந்தக் குறிப்பு. ஜப்பானில் 1991 முதல் 1997 வரை தொடராக வந்து, 21 தொகுதிகளில் முடிந்த மங்கா 'ரோட்டோ நோ மொன்ஷோ'. தமிழில் சொன்னால் 'ரோட்டோவின் சின்னம்'. டிராகன் குவெஸ்ட் வரிசையில் 3ஆம் கேமுக்கும் 1ஆம் கேமுக்கும் இடைப்பட்ட காலத்தில் நடக்கும் கதை.

எண் தலைகீழா இருக்கேன்னு தோணும். காரணம் இதுதான்.

முதல் கேம் 1986-இல் வந்தது. அந்தக் கேசட்டின் மொத்தக் கொள்ளளவு 64 கிலோபைட். இன்னிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு போட்டோவே அதைவிடப் பெரிசு. அதற்குள் ஊர், குகை, சண்டை, இசை எல்லாம் அடங்கணும். கதைக்கு ஏது இடம்? 'நீ ரோட்டோ என்ற மாவீரனின் வம்சம், போய் டிராகன் அரசனை ஜெயிச்சுட்டு வா', இவ்வளவுதான். ரோட்டோ என்பது வெறும் பெயர்.

1988-இல் வந்த 3ஆம் கேமுக்கு 256 கிலோபைட் கிடைத்தது. தனிக்கதை மாதிரி தொடங்கி, வெகுதூரம் போன பிறகு நிலத்துக்கு அடியில் இன்னொரு உலகம் திறக்கும். பார்த்தால் அது முதல் கேமில் நாம் சுற்றிய அதே அலெஃப்கார்ட் நாடு. கடைசியில் நாயகனுக்கு அங்கே கிடைக்கும் பட்டம்தான் 'ரோட்டோ'. அதாவது 3 என்பது 1-க்கு முன்கதை. மேல் உலகத்துக்குத் திரும்பும் வழி அடைபட்டுப் போகும், நாயகனும் காணாமல் போவான். அதற்கும் 1-க்கும் நடுவே நீண்ட இடைவெளி.

அந்த இடைவெளியில்தான், 3 முடிந்து நூறு வருஷம் கழித்து, மங்கா தொடங்குகிறது. கேமை வெளியிட்ட எனிக்ஸ் நிறுவனமே நடத்திய 'ஷோனென் கங்கன்' இதழில் வந்தது. கதை சியாகி கவாமாட்டா, ஜுன்ஜி கோயனாகி. ஓவியம் காமுயி ஃபுஜிவாரா.

இப்படிப் பாலம் போடும் கதைக்கு முதல் சிக்கல், இரண்டு கரையும் ஏற்கெனவே கட்டியாச்சு. உலகம் அழியாது, ரோட்டோ வம்சம் அறுந்து போகாது என்று வாசகருக்குத் தெரியும். அப்புறம் எதுக்குப் பதறணும்?

ஆசிரியர்கள் கண்ட வழி எளிமையானது. முதல் கேம் பேர்கூடச் சொல்லாத ஆட்களைக் கொண்டு வந்தார்கள். ரோட்டோவின் ரத்த வழியில் வந்த கார்மென், லோரன் என்று மேல் உலகத்தில் இரண்டு அரசுகள். கார்மென் அழிகிறது. அதன் இளவரசன் ஆருஸை லூனாஃப்ரேயா என்ற வீராங்கனை தூக்கிக்கொண்டு தப்பி, மறைவாக வளர்க்கிறாள். லோரன் இளவரசன் ஜகனோ அரக்கர் பக்கம் சேர்கிறான். உலகம் பிழைக்கும் என்பது நமக்குத் தெரியும். ஜகன் மீள்வானா என்பது தெரியாது. பதற்றம் முழுக்க அங்கேதான்.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது, மங்கா முழுசாகத் தீர்க்காததும் அதைத்தான். 3ஆம் கேமில் நாயகன் ஆணா பெண்ணா என்பது விளையாடுபவர் விருப்பம். கூட வரும் மூன்று பேருக்குப் பேர் வைப்பதும், தொழில் தருவதும் அவர்தான். லட்சக்கணக்கான வீட்டில் லட்சக்கணக்கான ரோட்டோ. மங்கா அதில் ஒன்றை நிலைநிறுத்தியாகணும்.

நூறு வருஷம் தள்ளிப் போனது இங்கே உதவுகிறது. பழைய தோழர்கள் நேரில் வர வேண்டாம், அவர்கள் விட்டுப்போன பட்டங்கள் வந்தால் போதும். வாளின் அரசன், முஷ்டியின் அரசன், ஞானத்தின் அரசன். எழுத்து வேறு வேறாக இருந்தாலும், ஜப்பானிய மொழியில் மூன்றுக்கும் ஒரே உச்சரிப்புதான்: 'கெனோ'. போர்வீரன், மல்லன், ஞானி என்ற கேம் தொழில்களோடு அவை அழகாகப் பொருந்தும். ஆனால் பூசாரியையும் வியாபாரியையும் கூட்டிக்கொண்டு போய் ஜெயித்தவர் தன் கூட்டத்தை இதில் தேடினால் கிடைக்காது. அதிகாரபூர்வக் கதை ஒன்று வந்ததும் நம் கதை 'சும்மா நாம் விளையாடியது' ஆகிவிடுகிறது. இது சின்ன இழப்பு இல்லை என்பது என் எண்ணம்.

நமக்கு இது புதுசும் இல்லை. 'பொன்னியின் செல்வன்' 1954-இல் முடிந்தபோது அருள்மொழி முடியை விட்டுக்கொடுத்திருந்தான். ராஜராஜன் பட்டமேறியது 985-இல். நடுவில் உத்தம சோழன் ஆட்சி. அந்த இடைவெளியில்தான் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். நான் இருக்கும் அண்ணாமலை நகரிலிருந்து காட்டுமன்னார்கோயில் பக்கம்தான். ஆதித்த கரிகாலன் கொலையில் சம்பந்தப்பட்டவர்களின் சொத்து பறிமுதலானதைச் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டு அங்கேதான் இருக்கு. அது ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. இங்கேயும் இரண்டு கரையும் உறுதி, ஒன்று நாவல், மற்றது கல்.

ஒரு வித்தியாசம் மட்டும். விக்கிரமன் பாலம் பிடிக்காதவர் கல்கியோடு நிறுத்திக்கொள்ளலாம், யாரும் கேட்கப் போவதில்லை. எனிக்ஸ் பாலத்தில் உரிமையாளரின் முத்திரை இருக்கு. அடுத்த முறை ஒரு கேமுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே வரும் காமிக்ஸைப் படித்தால் இரண்டு விஷயம் பாருங்க: முடிவு தெரிந்தும் எது கைநழுவும் என்று பயப்பட வைக்குதா? நாம் விளையாடிய கதைக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கு? முதல் கேள்வியில் 'ரோட்டோவின் சின்னம்' நல்லாவே தேறும். இரண்டாவதில் பாதி மார்க்தான்.