இரட்டைக் கர்ப்பமும் இரத்தப் பரிசோதனையும்

கர்ப்பவதியின் இரத்தத்தைச் சிறிது எடுத்து, கருவிலுள்ள சிசுவுக்குப் பிறவிக் குறை இருக்கக்கூடுமா என்று கணிக்கும் பரிசோதனை, இரட்டைக் கர்ப்பத்தில் ஒரு விசேஷமான சங்கடத்தைச் சந்திக்கிறது. இரு சிசுக்களிடமிருந்தும் வரும் பொருள்கள் தாயின் இரத்தத்தில் ஒன்றாகக் கலந்துவிடுவதால், எது எவருடையது என்று எளிதில் பிரித்தறிய மார்க்கமில்லை. முதுகுத்தண்டு மூடாத குறையைச் சுட்டும் ஆல்ஃபா ஃபீட்டோ புரதம், இரு சிசுக்களும் ஆரோக்கியமாக வளரும்போதே ஏறக்குறைய இருமடங்காக இருக்கும். இதை அறியாமல் ஒற்றைக் கர்ப்பத்திற்குரிய அளவுகோலை வைத்துப் பார்த்து ஒரு தாய் வீணே கலங்குவதை நினைத்தால் மனம் வேதனைப்படுகிறது.

தாயின் இரத்தத்தில் சிசுவின் டி.என்.ஏ. உலவுவதை 1997-ஆம் ஆண்டில் ஆய்வாளர் டென்னிஸ் லோவும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட பின், அதன் அடிப்படையில் தோன்றிய புதிய பரிசோதனை, டவுன் சிண்ட்ரோமைக் கணிப்பதில் இரட்டையர் விஷயத்திலும் பெரிதும் பயன்படுகிறது. ஆயினும், ஒரே கருவினின்று பிரிந்த இரட்டையர்க்கு அநேகமாக ஒரே விடை பொருந்தும். தனித்தனிக் கருக்களாகத் தோன்றியவர்களிலோ ஒருவருக்கு மட்டும் குறை இருக்கலாம். ஆரம்பத்திலேயே ஒரு சிசு மறைந்துபோயிருந்தால், அதன் எச்சமும் விடையைப் பிறழச் செய்யும்.

ஆகவே, 11 முதல் 14 வாரங்களுக்குள் ஸ்கேன் செய்து, நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்று அறிவதும், ஒவ்வொரு சிசுவின் பிடரியிலும் தேங்கும் நீரைத் தனித்தனியே அளப்பதும் அவசியம். இரத்தம் உரைப்பது சாத்தியத்தை மட்டுமே. அதை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வராமல், பனிக்குட நீர்ப் பரிசோதனை போன்றவற்றின் மூலம் நிச்சயப்படுத்திக்கொள்வது பற்றி மருத்துவரிடம் கலந்து பேசுமாறு தாய்மார்களை வேண்டுகிறேன்.